தும்மலுக்கு நிற்கும் கை

ஒற்றைத் தும்மல் கேட்டால் தாட்சாயினியின் கை நின்றுவிடும். கறிக்கு உப்புப் போடும் நேரமென்றால் உப்பு விரல் நுனியில் நிற்கும். கதவைப் பூட்டும் நேரமென்றால் திறப்பு பாதி சுற்றில் நிற்கும். ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் விட்ட வேலையைத் தொடுவாள். மகள் யாமினி சின்ன வயதில் வேண்டுமென்றே தும்மிவிட்டு, "அப்பா, அம்மா ஃப்ரீஸ் ஆயிட்டா!" என்று கத்திக்கொண்டு ஓடுவாள். அந்த யாமினி இப்போது தூரத்தில், கிளேட்டனில் தங்கிப் படிக்கிறாள். தும்மல் மட்டும் டூங்கபி வீட்டைவிட்டுப் போகவில்லை. செப்டெம்பரில் மரங்கள் பூக்கத் தொடங்கினால் ஆனந்தராஜாவின் மூக்கும் தொடங்கிவிடும். வருடா வருடம் அந்த இரண்டு மாதமும் தாட்சாயினி நின்று நின்றுதான் சமைப்பாள்.

ஆனந்தராஜாவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பிஸ்டல் கிளப்புக்குப் போய்க் கடதாசி இலக்கில் சுடுவார். கிடங்கு வேலையில் அவருக்குக் கிடைக்காத மதிப்பு அங்கே கிடைத்தது. "ராஜ் வந்துவிட்டான்" என்று வெள்ளைக்காரர்கள் எழுந்து கை கொடுப்பார்கள். கடையில் விற்கும் துப்பாக்கி ரவை கட்டுப்படியாகாது என்று கிளப்பில் பலர் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொள்வார்கள். அப்படி ஒரு கிழவர் விட்டுப்போன, ரவை அடைக்கும் பழைய பிரஸ் ஒன்றை ஆனந்தராஜா வாங்கி வந்து கராஜ் மேசையில் பூட்டினார். இரண்டு வருடம் அதன் கைபிடியைத் தானே இழுத்தார். பிறகு தோள்மூட்டு இறுகிவிட்டது. கையை நேரே நீட்டிச் சுட முடிந்தது. மேலிருந்து கீழே எதையும் இழுக்க முடியவில்லை.

"தாட்சா, உமக்குத் தையல் மெசின் பழக்கந்தானே? உதுவும் ஒரு மெசின்தான்," என்றார்.

"ம்," என்றாள் அவள்.

அவளுடைய 'ம்' என்பதற்கு அந்த வீட்டில் எப்போதும் ஒரே பொருள்தான். அதற்குப் பிறகு ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வந்தது. லைசென்ஸ் இல்லாமல் வெடிமருந்தைத் தொட முடியாதென்று அவளைப் பாதுகாப்பு வகுப்புக்குக் கூட்டிப்போனார். லைசென்ஸ் வேண்டுமென்றால் கிளப்பில் சேர வேண்டும். சேர்ந்தால் வருடத்தில் இத்தனை தடவை போய்ச் சுடவும் வேண்டும். முதல் நாள் அவள் சுட்டது இலக்கின் நடு வட்டத்துக்குப் பக்கத்தில் பட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து அவள் தலை முழுகினாள். ஏன் இந்த நேரத்தில் முழுக்கு என்று ஆனந்தராஜா கேட்கவில்லை.

அவர் சண்டை பெருக்க முன்னமே கொழும்பு வழியாக நாட்டைவிட்டு வெளியேறியவர். அவள் வன்னியில் இருந்தவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமே இடம்பெயர்ந்து போய்விட்டது. வெறும் கூடு கோது, தலையில் இருப்பது சன்னம், எல்லாம் சேர்ந்தது ரவை. அந்தச் சொற்களை அவர் ஆங்கிலத்தில் படித்தார். அவளுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

பிரஸ்ஸைப் பழகத்தான் நாள் எடுத்தது. நடுவில் ஒரு வட்டத் தட்டு. அதில் கோதுகள் சுற்றிவர நிற்கும். கைபிடியை ஒரு தடவை இழுத்தால் எல்லாக் கோதுக்கும் ஒரே நேரத்தில் வேறு வேறு வேலை நடக்கும்: ஒன்றின் வாய் நெரிபட்டு அளவுக்கு வரும், ஒன்றில் மருந்து விழும், ஒன்றில் சன்னம் இறங்கும், ஒன்று முடிந்த ரவையாகத் தட்டத்தில் விழும். பிறகு தட்டை ஒரு இடம் திருப்பிவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். புது மெசின்களில் தட்டு தானாகத் திரும்புமாம். இது பழசு, கையால்தான் திருப்ப வேண்டும்.

"இழுக்கிறது, திருப்பிறது. இழுக்கிறது, திருப்பிறது. விளங்குதோ?" ஆனந்தராஜா பக்கத்தில் நின்று சொல்லுவார். "திருப்ப மறந்தீரெண்டால் ஒரு கோதுக்கை ரெண்டு தரம் மருந்து விழும். பிறகு பிஸ்டல் என்ரை கையிலைதான் வெடிக்கும். ஒவ்வொரு கோதுக்குள்ளையும் பாத்துப்போட்டுத்தான் சன்னத்தை வைக்கவேணும். இடையிலை நிப்பாட்டினால் தட்டிலை இருக்கிற எல்லாத்தையும் கழட்டிப்போடும்."

"ம்."

"என்னப்பா, எல்லாத்துக்கும் ம்?"

"விளங்குது எண்டுதான் சொல்லுறன்."

சனிக்கிழமை காலையில் அவள் கராஜுக்குள் போவாள். அயலவர் பார்க்கக் கூடாதென்று உருட்டுக் கதவை உள்ளே பூட்ட வேண்டும். கவனம் சிதறும் என்று ரேடியோ கூடாது, போன் கூடாது. ஜன்னல் இல்லை. புல்வெட்டும் மெசினின் பெற்றோல் மணம் எப்போதும் இருக்கும். பிளாக்டவுன் பக்கம் போகிற ரயிலின் சத்தம் கேட்டால், அதில் இருக்கிறவர்கள் எங்கே இறங்குவார்கள் என்று யோசித்துக்கொண்டு இழுப்பாள்.

அந்த வருடம் மெரிலேண்ட்ஸில் மயூரா உடுப்புத் திருத்தும் கடை திறந்தாள். கோயிலில் பழக்கமான பிள்ளை. "தாட்சா அக்கா, சனிக்கிழமை மட்டும் வாங்கோவன். சாறிப் பிளவுஸ் குவிஞ்சு கிடக்கு. உங்கடை கை மாதிரி ஒருத்தருக்கும் வராது," என்றாள்.

"அவரிட்டைக் கேட்டுச் சொல்லுறன்."

"கேக்கிறது என்ன அக்கா, சொல்லுங்கோ! கலியாண சீசன் துவங்கமுன்னம் எனக்கு ஆள் வேணும்."

தாட்சாயினி அந்தக் கடையை ஒரு தடவை பார்த்திருந்தாள். தையல் மெசின் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் இருந்தது. தெருவில் போகிறவர்கள் தெரிந்தார்கள். இரவு படுத்தால் அந்த ஜன்னல்தான் கண்ணுக்குள் நின்றது. சொல்ல வேண்டிய வசனத்தைப் பல தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஆனந்தராஜாவின் முகத்தைப் பார்த்தால் அதை விட்டுவிட்டு, தேத்தண்ணி வேணுமோ என்று கேட்பாள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. மறுநாள் கிளப்பில் பெரிய போட்டி. ஆனந்தராஜா காதுக் கவசத்தைத் தேடிக்கொண்டு வீட்டுப் பக்கக் கதவால் கராஜுக்குள் வந்தார், ஒரு தும்மல் தும்மினார், கவசத்தை எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான். தாட்சாயினி வேலையைத் தொடர்ந்தாள். மத்தியானத்துக்குள் முடித்து, எல்லா ரவையையும் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தாள்.

பின்னேரம் குசினியில் தேத்தண்ணி ஊற்றும்போது அவர் நல்ல மனநிலையில் இருந்தார். கதிரையில் சாய்ந்து பிஸ்கட்டை உடைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"இஞ்சருங்கோ, மயூராவின்ரை கடையிலை சனிக்கிழமை..."

அவர் தும்மினார்.

அவளுடைய கை நின்றது. கேத்தல் அந்தரத்தில் நின்றது. வாயும் நின்றது. ஒரு மூச்சு நேரம். பிறகு குழாயில் ஒரு மிடறு தண்ணீர் பிடித்துக் குடித்தாள், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து ஊற்றினாள். ஏற்கெனவே நிறைந்திருந்த கோப்பை வழிந்து, தட்டத்தில் பரவி, அவர் உடுத்திருந்த சாரத்தில் சொட்டியது.

"ஐயோ! என்னப்பா, கோப்பை நிறைஞ்சது தெரியேல்லையே?"

அவள் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கராஜில் கைபிடியைக் கீழே இழுத்து மருந்து விழுந்த சத்தம், அவருடைய தும்மல், கையை எடுத்தது, போத்தலில் தண்ணீர் குடித்தது, மறுபடி இழுத்தது எல்லாம் நினைவுக்கு வந்தன. தட்டைத் திருப்பினாளா? சன்னத்தை வைக்கும்போது கோதுக்குள் பார்த்தாளா? அவர் கதவைச் சாத்திக்கொண்டு போவதைத்தான் பார்த்தாள்.

அவருடைய வலது கையைப் பார்த்தாள். பிஸ்கட் துகள் ஒட்டியிருந்தது.

சொன்னால் இனிக் கராஜ் பக்கமே விடமாட்டார் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து வந்தது. அது வந்ததற்காக அவள் வெட்கப்பட்டாள். வெட்கத்தோடேயே கொஞ்சம் சந்தோசமும் இருந்தது.

"நாளைக்கு அந்த ரவை ஒண்டையும் சுடாதேங்கோ," என்றாள். "ஒண்டுக்கை ரெண்டு தரம் மருந்து விழுந்திருக்கு. நீங்கள் தும்மினீங்கள், நான் நிண்டிட்டன்."

ஆனந்தராஜா பிஸ்கட்டை வைத்தார். "எது?"

"தெரியாது. எல்லாத்தோடையும் கலந்துபோச்சு."

தராசில் நிறுத்துப் பார்த்தாலும் தெரியாது. கோதுகளே ஒன்றுக்கொன்று நிறை வித்தியாசம். எல்லாவற்றையும் கழற்றத்தான் வேண்டும். சுத்தியல் போன்ற ஒரு பொருளுக்குள் ரவையை வைத்துக் கட்டையில் ஓங்கி அடித்தால் சன்னம் கழன்றுவிடும். அவருடைய தோளால் அடிக்க முடியாது. அவள்தான் அடித்தாள். அவர் பக்கத்தில் ஸ்டூலில் இருந்து, கழன்ற ஒவ்வொன்றின் மருந்தையும் வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தார். சாப்பாட்டு நேரமும் தாண்டியது. பெட்டியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தபோது ஒரு கோதிலிருந்து கொட்டிய மருந்து மற்றவற்றைவிட இரண்டு மடங்காகக் குவிந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் கையை மடக்கி விரித்தார்.

அவள் காத்திருந்தாள். 'போதும், இனி நீர் இதைத் தொட வேண்டாம்' என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

"வேறை ஆராவது எண்டால் பேசாமல் இருந்திருப்பினம்," என்றார். அவருடைய குரல் உடைந்திருந்தது. "நீரெண்டபடியால் சொன்னீர். இனி நான் வேறை ஒருத்தரின்ரை கையாலை செய்ததைச் சுடமாட்டன் தாட்சா. என்ரை உயிரை உம்மை நம்பித்தான் குடுக்கேலும்."

இருபத்திரண்டு வருட வாழ்க்கையில் அவர் அவளிடம் இவ்வளவு இதமாகப் பேசியதில்லை. திட்டியிருந்தால் அவளால் ஏதாவது சொல்லியிருக்க முடியும்.

"ம்," என்றாள்.

மீதியையும் கழற்றினாள். மறுநாள் போட்டிக்கு அவர் போகவில்லை. கிளப்பில் இந்தக் கதையைச் சொல்லி, "என்ரை மனிசி" என்று பெருமைப்பட்டாராம். கிழவர்கள் இப்போது அவளைக் கண்டாலும் எழுந்து கை கொடுக்கிறார்கள்.

மயூரா இரண்டு தடவை போன் எடுத்துக் கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

இப்போது மெரிலேண்ட்ஸ் கடை ஜன்னலில் வேறொரு பிள்ளை இருந்து தைக்கிறாள். ஆனந்தராஜா சனிக்கிழமை காலையில் தும்மலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு குசினியிலேயே இருக்கிறார்; கராஜ் பக்கம் வருவதில்லை. தாட்சாயினி உள்ளே இருக்கிறாள். உருட்டுக் கதவு பூட்டியிருக்கிறது. இழுக்கிறாள், திருப்புகிறாள், ஒவ்வொரு கோதுக்குள்ளும் குனிந்து பார்க்கிறாள்.