ஊரு எதுன்னு கேட்டாங்க

எங்க வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. மலையில தேயிலைய கவ்வாத்து வெட்டிட்டு அலுத்துப்போய் வந்தாலும், அடுப்புக்கரிய எடுத்து எங்க லயத்து வீட்டுச் சுவத்துல படம் போட ஒக்காந்துருவாரு. சாமி படம் போட்டாலாவது கும்பிட்டுக்கலாம். இந்த மனுசன் போட்டதெல்லாம் எங்க ஆளுங்க. ஒருத்தருக்கும் வாயே கெடையாது. தோட்டத்துத் தொரைக்கு மட்டும் மூஞ்சி முழுக்க வாய்.

கணக்கப்பிள்ளை ஒரு நா எட்டிப் பாத்துட்டு, "ஏய் ஆண்டியப்பா, வாயெல்லாம் எங்கடா?"ன்னாரு.

"காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்குப் போனப்ப அங்கயே விட்டுட்டு வந்துட்டாங்கய்யா."

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். "வேலைக்கு ஒல வச்சிராதீங்க"ன்னு கத்தினேன்.

"தொர சொன்னா உத்தரவு, பேச்சி. அதையே நாம சொன்னா வாய்க்கொழுப்பு. வார்த்த என்னமோ ஒண்ணுதான்"னாரு. பெரிய சாமியாரு மாதிரி!

அப்ப இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தோம். அது கெடைக்கலன்னா என்னைக்காவது இந்தியாவுக்குக் கப்பலேத்திருவாங்க. எங்க மூத்தவ லெட்சுமிய இந்த மண்ணுலதான் பொதைச்சோம். அவள விட்டுட்டு எங்க போறது?

விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு ஐயா, பக்கத்துல அவரு பேச்ச தமிழ்ல சொல்றவரு.

"ஒனக்கு ஊரு எது?"

பாழாப்போன வார்த்த! தோட்டத்துல ஊருன்னா தாத்தன் பொறந்த ஊருதான? பொண்ணு கேட்டு வந்தாலும் அததான கேப்போம்? இவரும் கையக் கட்டிக்கிட்டு, "துறையூருப் பக்கங்க"ன்னுட்டாரு. பொறந்தது இந்த றொசல்லத் தோட்டத்துல. இந்தியாவுல இருக்குற துறையூர கண்ணால கண்டதில்ல!

நான் பதறிப்போய் வாயத் தொறந்தேன். "நீ சும்மா இரு"ன்னாங்க. மனு தள்ளுபடியாச்சு.

அதுக்கப்புறம் அவரு கரியத் தொடல. பேச்சும் கொறஞ்சு போச்சு. சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சதுல படமெல்லாம் மறைஞ்சிருச்சு. "ஒண்ணு போட்டுத் தொலைங்களேன்"னு நானே கரிய நீட்டினேன். வாங்கல.

அறுபத்தஞ்சுல, ஆளுங்கள இந்தியாவுக்கு அனுப்பப் போறாங்கன்னு தோட்டமெல்லாம் பேச்சு. அப்பதான் காய்ச்சல்ல படுத்தாரு. ஒரு மத்தியானம் திடீர்னு எழுந்து ஒக்காந்து, என்னயப் பாத்துக் கையக் கட்டினாரு.

"ஐயா, தப்பாச் சொல்லிட்டேங்க. எனக்கு ஊரு றொசல்லங்க. எழுதிக்கங்க ஐயா."

என்ன செய்வேன்?

"எழுதிக்கிட்டேன்"னேன்.

"நெசமாவாங்க?"

"நெசமாத்தான்."

நிம்மதியாப் படுத்தாரு. அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல.

எனக்கு எழுதத் தெரியாது.