போர்வைக்குக் கீழே வறுத்த மா

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதான கோடையில், மாமா என்னையும் சின்னம்மாவையும் மூன்று நாள் காட்டுநடைக்குக் கூட்டிப்போனார். நாங்கள் குடியேறியிருந்த ஸ்காபரோவில், எங்கள் கட்டடத்துத் தமிழ்ச் சனங்களில் யாரும் அதுவரை அப்படியொரு காரியம் செய்ததில்லை. மாமாவுக்கு இந்தப் பழக்கம் வேலையிடத்து வெள்ளைக்கார நண்பர்களிடமிருந்து தொற்றியிருந்தது. அம்மா வரவில்லை. "நடந்து களைச்சுத்தானே எல்லாரும் இஞ்ச வந்தனாங்கள். பிறகும் போய் நடக்கிறதோ?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. மாமா இருவருக்கும் அண்ணன். சின்னம்மா ஊரிலிருந்து வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அதிகம் பேசமாட்டார். மரங்களையும் ஏரியையும் கண்டால் மனம் கொஞ்சம் தெளியும் என்று மாமா நம்பினார்.

வடக்கே மூன்று மணி நேரம் காரில் போனால் கறுப்புக் கரடிகளின் காடு. அங்கே மாமா வேறு ஆளாகிவிட்டார். சாப்பாடு, பற்பசை, சவர்க்காரம், மணக்கக்கூடிய எல்லாமே ஒரே பைக்குள் போகவேண்டும். கூடாரத்திலிருந்து நூறு அடி எண்ணி நடந்து, உயரமான கிளையொன்றின் மேலாகக் கயிற்றை எறிந்து, இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே அந்தப் பையை இழுத்துக் கட்டவேண்டும். அடிமரத்தை ஒட்டியும் தொங்கக்கூடாது, கரடி மரமேறும். "ரென்றுக்குள்ள ஒரு பிஸ்கற் தூள்கூட இருக்கக்கூடாது" என்று கூடாரத்தைக் காட்டினார். என் காற்சட்டைப் பையைச் சோதித்து ஒரு டொபியைக் கைப்பற்றினார். சின்னம்மாவின் பையைச் சோதிக்கவில்லை. பெரியவர்களை யார் சோதிப்பார்கள்?

முதல்நாள் மாலை சின்னம்மா கேட்டார்:

"சாப்பாடு அங்க, நாங்கள் இஞ்சயோ?"

"ஓம். அதுதான் பாதுகாப்பு."

சின்னம்மா தொங்கிய பையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தன் முடிச்சின் திறமையைத்தான் தங்கை வியக்கிறாள் என்று மாமா நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை போர்வைகளை மடிக்கும்போது அதைக் கண்டேன். துணியில் தைத்த ஒரு சிறு பை. உள்ளே சீனி கலந்த வறுத்த அரிசிமா. சின்னம்மா ஒரு பிடி அள்ளி என் வாயில் போட்டார்.

"மாமாக்குச் சொல்லாதை. இது எங்களோட இருக்கவேணும். ஆர் கேட்டாலும் குடாதை, என்ன?"

அதுவரை எந்தப் பெரியவரும் என்னிடம் ஓர் இரகசியத்தை ஒப்படைத்ததில்லை. மாமாவின் சட்டமும் எனக்கு நன்றாகத் தெரியும். வாயில் மா இருந்ததால் சட்டம் தோற்றது.

அன்று பிற்பகல் அடுத்த தங்குமிடத்தில் கூடாரம் அடித்தோம். சப்பாத்து கடித்து என் குதிக்கால் கொப்பளித்திருந்தது. மாமா கயிறும் பையுமாகக் காட்டுக்குள் போனார். சின்னம்மா மாப்பையைப் போர்வைக்குக் கீழே ஒளித்து, என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு ஏரிக்குத் தண்ணீர் அள்ளப் போனார். கூடாரத்தின் மெல்லிய துணியில் வெயில் மஞ்சளாக விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கையில் அந்த மஞ்சளில் ஒரு நிழல் ஏறியது.

மாமா விளையாடுகிறார் என்று நினைத்தேன். "மாமா, எனக்குத் தெரியும்" என்று சிரித்தேன். நிழல் பதில் சொல்லவில்லை. மூச்சை உறிஞ்சி உறிஞ்சி விட்டது. என் தலைமாட்டில் துணி உள்ளே புடைத்தது. ஈர நாய் மணம் போல ஒன்று வந்தது. அப்போதுதான் எதிர்த் திசையில், வெகு தூரத்திலிருந்து, மாமாவின் குரல் கேட்டது.

"பிள்ளை! அசையாதை!"

மாமா சட்டியைத் தடியால் அடித்தபடி கத்தினார். நிழல் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி என் தலைமாட்டுக்கே வந்தது.

"ஏன் போகுதில்லை? உள்ள என்ன கிடக்கு?" என்றார் மாமா.

நான் போர்வைக்குக் கீழிருந்த பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஆர் கேட்டாலும் கொடுக்கக்கூடாது. கேட்பது கரடியென்றால் என்ன செய்வதென்று சின்னம்மா சொல்லித் தரவில்லை. துணி கிழியும் சத்தம் கேட்டது. கிழிசலுக்குள்ளால் நகங்கள் தெரிந்தன. பையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

கால்மாட்டில் கூடாரத்தின் வாசல் திறந்தது. ஈரக் கையொன்று என் கணுக்காலைப் பிடித்து வெளியே இழுத்தது. சின்னம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பையைப் பறித்து, கூடாரத்துக்கு மேலால் தன் பலமெல்லாம் சேர்த்து எறிந்தார். கரடி நாலு கால் பாய்ச்சலில் அதற்குப் பின்னால் போனது.

"ஓடாதேங்கோ! முகத்தைத் திருப்பாமல் பின்னால நடவுங்கோ!" என்று மாமா கத்தினார்.

பின்பக்கமாகவே நடந்தோம். கரடி பையைக் கிழித்து, மூக்கெல்லாம் வெள்ளையாக, சிந்தியதையும் நக்கித் தின்றது. பிறகு அவசரமில்லாமல் எழுந்து காட்டுக்குள் போனது.

மாமா விரலை நீட்டிக்கொண்டு தங்கையிடம் போனார்.

"உனக்கென்ன விசரோ? எத்தினைதரம் சொன்னனான்? பிள்ளை செத்திருப்பாள். சாப்பாடு மரத்தில பத்திரமாத்தானே தொங்குது?"

சின்னம்மா தலை நிமிரவில்லை.

"அண்டைக்கும் பத்திரமெண்டுதானே அண்ணா சாப்பாட்டுப் பையை முன்னால போன லொறியில போட்டனாங்கள்."

மாமாவின் விரல் கீழே இறங்கியது. லொறி பிந்தியிருக்கும், அதற்காக ஒரு மனுசர் கோபத்தை விட்டுவிடுவாரா என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

அங்கே தங்க முடியாது. கூடாரத்தைச் சுருட்டினோம். காருக்கு மூன்று மணி நேர நடை. மாமா மரத்திலிருந்து பையை இறக்கி, தன் தோளில் போடாமல் சின்னம்மாவின் கையில் கொடுத்தார். "நீயே வைச்சிரு" என்றார்.

சின்னம்மாவுக்கு நாலு வயதில் ஒரு மகன் இருந்தான். போருக்குள் ஊரோடு இடம்பெயர்ந்து, சாப்பாட்டோடு போன லொறியைப் பிறகு காணாமல் நடந்தபோது இரண்டு நாளாகச் சாப்பாடு கேட்டுக்கொண்டே வந்து, மூன்றாம் நாள் காய்ச்சலில் அவர் இடுப்பிலேயே இறந்துபோனான். அம்மா இதை எனக்குச் சொன்னபோது எனக்குப் பதினேழு வயது.

அன்று காருக்குப் போகும் வழியில் சின்னம்மா எனக்கு முன்னால் நடந்தார். ஐந்து நிமிடத்துக்கொரு தரம் பையைத் திறந்து ஒரு பிஸ்கற்றை என் கையில் வைத்தார். நான் அம்மாவிடம் கோள் மூட்டாமலிருக்க லஞ்சம் தருகிறார் என்றே எண்ணினேன். எனக்குப் பசியே இல்லை. அவர் திரும்பியதும் ஒவ்வொன்றாகப் பற்றைக்குள் எறிந்தேன். கரடிகளுக்கு வழியெல்லாம் விருந்து. மாமாவும் அதைக் கவனிக்கவில்லை.

"சாப்பிட்டியோ?" என்று சின்னம்மா திரும்பிப் பார்த்துக் கேட்பார்.

"ஓம், சாப்பிட்டன்."

அவர் என் வாயைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு தலையாட்டிவிட்டு, இன்னொன்றை எடுத்து நீட்டுவார்.