உட்காரத் தெரியாதவள்

துணிக்கடைக்காரி என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கடை அவளுடையது அல்ல. இருபத்திரண்டு வருடம் அங்கே துணி எடுத்துப் போட்டவள், அவ்வளவுதான். அந்தக் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் வருகிறவர்களுக்கு மரியாதைக் குறைவாம். முதலாளிக்கு மட்டும் கல்லாவில் மெத்தை போட்ட நாற்காலி. கதவு திறந்தால் போதும், வருவது வாடிக்கையாளரோ தபால்காரரோ, அலமாரியில் சாய்ந்திருந்த முதுகுகள் எல்லாம் விறைத்துக்கொள்ளும். இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவானை ஒரே ஒரு தள்ளுபடி நாளில் அங்கே நிற்க வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அவள் கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாகச் சுருண்டுகொண்டன. "இன்னும் ஒரு வருஷம் இப்படியே நின்னீங்கன்னா, அப்புறம் நடக்கிறதே கஷ்டம்மா. உக்காந்து பாக்கிற வேலையாத் தேடுங்க," என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றோடு கடையை விட்டு நின்றாள்.

கல்லூரியில் படிக்கும் மகள்தான் கண் ஆஸ்பத்திரி விளம்பரத்தைக் கண்டுபிடித்தாள். பதிவு மேசை வேலை. வருகிறவர்களின் பெயரைக் கேட்டு எழுதிச் சீட்டுக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க நாற்காலி! நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்ததும் வீடே அமர்க்களப்பட்டது. சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் அப்பாவை அதிகாரியாக உட்கார வைத்தாள் மகள். பஸ் ஓட்டுகிற மனுஷன், அதிகாரி வேடம் கிடைத்ததும் கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

"உங்ககிட்ட இருக்கிற பெரிய குறை என்ன?"

"உங்களக் கட்டிக்கிட்டதுதான்."

"அம்மா! விளையாடாம பதில் சொல்லு. நேரா உக்காரு. கையப் பிசையாத. முக்கியமா, கால் வலிங்கிற பேச்சையே எடுக்காத, சீக்காளின்னு நெனச்சிருவாங்க."

எல்லாவற்றையும் நன்றாகத்தான் மனப்பாடம் செய்தாள். ஒன்றை மட்டும் மூன்று பேருமே யோசிக்கவில்லை. அந்த ஒத்திகையில் கதவு ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி அறையில் நரைத்த தலையோடு ஒரு மேடம், பக்கத்தில் கணக்கர். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். முதல் கேள்விக்கு வாய் திறந்தாள். கதவும் திறந்தது. யாரோ கோப்போடு வந்தார். விருட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். அசடு வழிய உட்கார்ந்தாள். மறுபடி கதவு, டீ வந்தது. மறுபடி எழுந்தாள். மூன்றாவது தடவை கணக்கர் சிரிப்பை மறைக்க இருமினார். நாலாவது தடவை எழுந்தவள் உட்காரவே இல்லை.

"ஏம்மா, நாற்காலி சரியில்லையா?" என்றார் மேடம்.

மகள் சொல்லிக் கொடுத்ததெல்லாம் காற்றில் போயிற்று. "நாற்காலி நல்லாத்தான் இருக்கு மேடம். எனக்குத்தான் உக்காரத் தெரியல. துணிக்கடையில இருபத்திரண்டு வருஷம் நின்னேன். கதவு தொறந்தா காலு தானா எந்திரிக்குது. அந்தக் காலு கெட்டுப்போச்சுன்னுதான் இந்த வேலைக்கே வந்தேன்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. பாவம், வேலை போச்சு என்று அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

மேடம் பேனாவை மூடி வைத்தார். "ஆளுங்ககிட்ட நீங்க பேசுறதப் பத்தி எனக்குக் கவலையில்லம்மா. ஆனா ஒவ்வொருத்தருக்கும் எந்திரிச்சா வேலையும் ஓடாது, காலும் தேறாது. திங்கட்கிழமை வாங்க. பதிவு மேசையில ஒரு மணி நேரம் பேர் எழுதுங்க. எந்திரிக்காம எழுதினா வேலை உங்களுக்குத்தான்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த வீட்டுக் கதவு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. புருஷன் வாடிக்கையாளராக வந்தார், அதிகாரியாக வந்தார், ஒரு தடவை திருடனாகக்கூட வந்தார். திருடனுக்கும் எழுந்து நின்றாள். "உக்காரு தாயே! நான் உக்காந்தே சம்பாதிக்கிறவன், என்னப் பாத்துக் கத்துக்க," என்று கெஞ்சினார். கதவுக் கீலுக்கு எண்ணெய் போட வேண்டியதாயிற்று. ஞாயிறு சாயங்காலம் கதவு பத்துத் தடவை திறந்தால் ஒரு தடவைதான் எழுந்தாள். கதவைத் திறந்து திறந்து வியர்த்திருந்த புருஷனைப் பார்க்க அவளுக்கு ஆசை ஆசையாக இருந்தது.

திங்கட்கிழமை. பாதங்களை நாற்காலிக் காலில் கொக்கி போட்டுக்கொண்டு எழுதினாள். ஒருவர், இருவர், இருபது பேர். எழவில்லை. ஒரு மணி நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. ஒரு கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு துணிக்கடை முதலாளி வந்தார்.

மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அவளைப் பார்த்ததும், அவள் எழுவதற்காக, பழக்கம் மாறாமல் ஒரு நொடி காத்திருந்தார். அவள் குதிகால்கள் தரையை விட்டுக் கிளம்பிவிட்டன. இடது கையால் நாற்காலி விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க முதலாளி. பேரு சொல்லுங்க."

இருபத்திரண்டு வருடமாகத் தெரிந்த பெயரை அவர் சொன்னார், அவள் எழுதினாள். சீட்டை வாங்கிக்கொண்டவர் நகராமல் நின்றார். "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டார். நிஜமாகத்தான் கேட்டார்.

"உக்காந்திருக்கேன் முதலாளி," என்றாள். "நீங்களும் அந்த பெஞ்சுல உக்காருங்க. கூப்பிடுவாங்க."

அவர் போய் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் பின்னாலிருந்து மேடத்தின் குரல் வந்தது. "ஒரு மணி நேரம் ஆயிருச்சும்மா, எந்திரிங்க."

"இருங்க மேடம், வரிசையில இன்னும் ஆறு பேர் நிக்கிறாங்க," என்று அடுத்த சீட்டை எடுத்தாள்.