தண்ணிக் குளிர் என்று நினைத்தோம்

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. கழுத்தில் கூடையைக் கட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. மார்கழியில் கரையேறும்போது எல்லோருக்கும் உதடு நீலம் பாரித்திருக்கும். என் அண்ணனுக்கு மட்டும் சித்திரை வெயிலிலும் அப்படித்தான் இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணனுக்குப் பிறவியிலேயே மனவளர்ச்சி குறைவு. பேச்சு குழறும், ஆனாலும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடமாட்டான். கொஞ்ச நேரம் இறால் தடவினாலே மூச்சு வாங்கிக் கரையில் உட்கார்ந்துவிடுவான். "தொரைக்கு ரெஸ்ட் வோணுமாம்" என்று எல்லோரும் கேலி செய்வோம். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

எனக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள், "பொறக்கற கொயந்தையும் இவனாட்டம் இருந்தா இன்னா பண்றது?" என்று கேட்டுவிட்டார்கள். யாரோ சொன்ன யோசனைப்படி, அப்பா எங்கள் இருவரையும் பொன்னேரியில் ரயிலேற்றி, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். எதற்காகப் போகிறோம் என்று அண்ணனிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. தனக்கு வைத்தியம் பார்க்கத்தான் என்று நினைத்து, அவன் குஷியாக வந்தான்.

ரத்தம் எடுத்தார்கள். சில வாரம் கழித்து முடிவு கேட்க மறுபடியும் போனோம். "இது பரம்பரையா வர்ற வகை இல்லை. உங்க பொண்ணைப் பத்திப் பயப்பட வேண்டாம்" என்றார் டாக்டர். அப்பா கைகூப்பி அழுதேவிட்டார்.

அப்போது அண்ணன் சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "சாரு, இங்க நோவுது."

"அது தண்ணிக் குளிரு சார். எங்களுக்கெல்லாம் அப்டித்தான்" என்றார் அப்பா.

டாக்டரும் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். வெளியே வந்ததும், "நைனா, எனக்கு மருந்து?" என்று அண்ணன் கேட்டான். அப்பா சந்தோஷத்தில் அவனுக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தார்.

என் கல்யாணம் நடந்தது. அடுத்த மழைக்காலத்தில் அண்ணன் கரையில் உட்கார்ந்தபடியே செத்துப்போனான்.

பிறகு ஒருமுறை, என் மகனின் காய்ச்சலுக்காகப் போன இடத்தில், ஒரு டாக்டரம்மாவிடம் பேச்சுவாக்கில் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். "இப்படிப் பிறக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு இதயத்துல ஓட்டை இருக்கும்மா. உதடு நீலமாகுறது, மூச்சு வாங்குறது எல்லாம் அதனாலதான். யாருமே பார்க்கலையா?" என்று கேட்டார்.

எனக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காக அண்ணனை அவ்வளவு தூரம் அழைத்துப் போன நாங்கள், அவனுக்காக ஒரு நிமிடம் அங்கே நின்றிருக்கக் கூடாதா என்ற வேதனை இன்றுவரை எனக்கு ஆறவில்லை.