அக்கா அழுத்திய இடம்

என் அக்காவால் ஒரு இடத்தில் பத்து நிமிடம் சும்மா உட்கார முடியாது. அவளுக்கு வாய்த்ததோ நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கிற வேலை. ஓட்டுநர் உரிமம் கொடுக்கிற அலுவலகத்தில் போட்டோ எடுக்கும் கவுண்டர் அவளுடையது. ஒரு கேமரா, ஒரு கம்ப்யூட்டர், எதிரே வெள்ளைத் திரை, திரைக்கு முன்னால் ஒரு ஸ்டூல். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை அந்த ஸ்டூலில் முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். மேசைக்கு அடியில் அவள் கால் தையல் மெஷின் மிதிப்பதுபோல் ஆடிக்கொண்டே இருக்கும்.

"தாடையைத் தளர்த்துங்க சார். பல்லைக் கடிக்காதீங்க. உங்களை யாரும் ஜெயில்ல போடல, போட்டோதான் எடுக்கிறோம்." இதை ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்வாள். அலுவலகத்தில் அவளுக்குத் தாடையக்கா என்றே பெயர். ஒருமுறை ஒரு லாரி டிரைவர் எவ்வளவு சொல்லியும் நெற்றிச் சுருக்கத்தை விடவில்லை. அக்கா எழுந்து போய் அவருடைய இரண்டு புருவத்துக்கும் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, "மூச்சை விடுங்க" என்றாள். மனிதர் மூச்சை விட்டார். கண்ணையும் மூடிக்கொண்டார். பிறகு எழுந்திருக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள், மேலதிகாரி ஓடிவந்தார், இனிமேல் கவுண்டருக்கு வருகிற யாரையும் தொடமாட்டேன் என்று அக்காவிடம் எழுதி வாங்கிக்கொண்டார். "அந்த ஆபீஸ்ல எடுத்த போட்டோவுல அது ஒண்ணுதான்டா மனுஷன் மாதிரி வந்திருக்கு" என்று இன்றைக்கும் பெருமை பேசுகிறாள்.

இந்தப் பைத்தியம் அவளுக்குப் பிடித்துப் பத்து வருடம் ஆகிறது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பாள். மரம் அறுக்கிற சத்தம் என்பார் அத்தான். பல் டாக்டர் பல்லுக்கு இடையில் வைத்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தகடு கொடுத்தார். ஒரே மாதத்தில் அதைக் கடித்தே இரண்டாக்கினாள். அதன் பிறகுதான் எங்கிருந்தோ ஒரு பெட்டி வாங்கி வந்தாள். உள்ளே ஒரு பச்சைக் கல், ஒரு சின்ன உருளை, சீன முறையில் வீட்டிலேயே முகம் நீவிக்கொள்வது எப்படி என்று ஒரு குட்டிப் புத்தகம். கல்லால் நீவுவதற்குக் குவா ஷா என்று பெயராம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கல் வைக்கிறது. புத்தகத்தில் இருந்த முகப்படம் அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஏறியது. படிக்காமலே எங்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். அக்கா கல்லைக் கையில் எடுத்தால் போதும், அத்தானுக்குக் கடைக்குப் போகிற அவசர வேலை ஒன்று நினைவுக்கு வந்துவிடும்.

ஓடாமல் படுப்பவள் என் மனைவி மட்டும்தான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், கண்ணால் பார்க்காத எதையும் நம்பமாட்டாள். "இதனால ஒண்ணும் ஆகப்போறதில்ல அண்ணி, ஆனா சுகமா இருக்கு, நிறுத்திடாதீங்க" என்பாள். ஞாயிறு பதினொரு மணிக்கு எங்கள் வீட்டு ஹாலில் பாய் விரித்துத் தயாராகப் படுத்திருப்பாள். அக்கா அடுத்த தெருவிலிருந்து கல்லோடு வருவாள். இரண்டு சொட்டு எண்ணெய். மூக்கோரத்திலிருந்து காதுவரை கல்லால் நீவல், தாடையில் கீழிருந்து மேலே, கழுத்தில் மேலிருந்து கீழே. பிறகு விரல். புருவ நடு, புருவ நுனி, மூக்கின் இரண்டு பக்கம், காதுக்கு முன்னால் இருக்கிற குழி. கடைசியில் இரண்டு கையையும் பிடித்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதையை அழுத்துவாள். முகத்து வலி போகக் கையைப் பிடிக்க வேண்டும் என்பது அந்தப் புத்தகத்தின் கணக்கு. அந்தப் பக்கத்தில் மட்டும் சிவப்பில் ஒரு வரி இருக்கும்: கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இந்த இடத்தை அழுத்தக் கூடாது.

அந்த வரி எங்கள் வீட்டில் இரண்டு முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. என் மனைவி இரண்டு முறை உண்டானாள். இரண்டு முறையும் இரண்டு மாதத்துக்கு மேல் நிற்கவில்லை. அதற்கு அப்புறம் மூன்று வருடம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தலைவலி. அக்கா கையைப் பிடித்து வழக்கத்தைவிட அழுத்தமாக அழுத்தினாள். முப்பது எண்ணிவிட்டு, போதாது என்று மறுபடி முப்பது எண்ணினாள். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு கையைக் கொடுத்தபடி படுத்திருந்தாள். அடுத்த ஞாயிறும் எல்லாம் அதே மாதிரிதான் நடந்தது. கல் முடிந்தது, விரல் முடிந்தது, அக்கா அவள் கையை எடுத்தாள். என் மனைவி சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"கை போதும் அண்ணி."

"ஏன்டி, வலிக்குதா?"

"இல்ல. இன்னைக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டுக் கையைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டாள். நான் அங்கேதான் ஸ்டூல் மேல் ஏறி நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் கை அப்படியே நின்றதைப் பார்த்தேன். அவள் எழுந்து, கல்லைக் கழுவாமல் பாய் மேலேயே போட்டுவிட்டு, ஒரு காலில் என் செருப்பையும் ஒரு காலில் தன் செருப்பையும் மாட்டிக்கொண்டு போனதையும் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் எங்கே சிக்கியிருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். சொந்த வீட்டு விஷயத்தில் நான் சுத்த மரமண்டை.

திங்கட்கிழமை லிஃப்டின் கூரைமேல் நின்று கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அவ எப்படிடா இருக்கா?"

"யாரு?"

"உன் பொண்டாட்டிடா. சாப்பிட்டாளா? அசதியா இருக்காளா?"

"நல்லாத்தான் இருக்கா. நான் தொங்கிட்டு இருக்கேன், வை."

மத்தியானம் மறுபடியும் போன், சாயங்காலம் மறுபடியும். செவ்வாய்க்கிழமை கத்தரிக்கோல் கேட்டு வீட்டுக்கே வந்தாள். அவள் வீட்டில் நாலு கத்தரிக்கோல் இருக்கிறது. புதன்கிழமை அதைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வந்தவள் ஜன்னலிலிருந்து கதவுக்கும் கதவிலிருந்து ஜன்னலுக்குமாக நடந்தாள். என் மனைவி துணி மடித்தால் பிடுங்கி மடித்தாள், தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் ஓடிவந்து தூக்கினாள். அவள் குளியலறைக்குப் போய்க் கொஞ்சம் நேரமானால் வெளியே நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தலை சுற்றியது.

"உனக்கு என்னக்கா ஆச்சு? ஒரு இடத்துல உக்காரேன்!"

"உக்காந்தா நெனப்பு வருதுடா."

"என்ன நெனப்பு?"

பதில் சொல்லவில்லை. அலுவலகத்தில் ஏதோ தகராறு என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். வியாழக்கிழமை அத்தானிடம் போனில் கேட்டேன். "என்னன்னே தெரியலப்பா. அந்தக் குட்டிப் புத்தகத்துல ஒரே பக்கத்தைப் பிரிச்சு வெச்சுப் படிச்சதையே படிக்கிறா. பல்லை வேற மறுபடியும் கடிக்க ஆரம்பிச்சுட்டா. நேத்து ஆபீஸ்ல ஆறு பேரைக் கண்ணை மூடின மாதிரியே போட்டோ எடுத்து அனுப்பிட்டாளாம். ஆறு பேரும் திரும்பி வந்து நிக்கிறாங்க" என்றார். அத்தான் சிரிக்கவில்லை. எனக்கும் அப்போதுதான் லேசாகப் பயம் தட்டியது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். என் மனைவி துண்டை நீட்டினாள்.

"நாளைக்கு லீவு போடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஸ்கேன்."

துண்டை வாங்காமல் அப்படியே நின்றேன். ஏழு வாரம் என்றாள். சந்தோஷப்படவா, பயப்படவா என்று தெரியாமல், "அக்காகிட்ட எப்ப சொன்ன?" என்றுதான் கேட்கத் தோன்றியது.

"எங்க சொன்னேன்? கையை இழுத்தேன், அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. நீங்களுந்தான் பாத்துட்டு இருந்தீங்க."

"புரிஞ்சா என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே அவ!"

"நான் சொல்ல வேண்டியதுன்னு விட்டுட்டாங்க. அஞ்சு நாளா என்னைச் சுத்திச் சுத்தி வராங்க, ஒரு வார்த்தை கேக்கல. எனக்கே பாவமா இருக்குங்க. நாளைக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போலாம்."

ஸ்கேன் அறைக்கு வெளியே நீளமாக ஒரு பெஞ்சு. எங்களுக்கு முன்னால் ஏழு பேர். அக்கா உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் பிடித்து வந்தாள், அதைக் குடிக்காமல் என் கையில் கொடுத்தாள், சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் வெளியே வருகிற பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். போன முறை இதே கதவிலிருந்துதான் நாங்கள் பேசாமல் வெளியே வந்தோம். எங்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருக்கும்போது அக்கா பொறுக்கமாட்டாமல் என் மனைவிக்கு முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்டி. நீ கையை இழுத்தியே, அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. உனக்குத் தலைவலின்னு ரெண்டு கையிலயும் அழுத்தினேன். ரெண்டு முப்பது எண்ணினேன். அப்பவே உனக்கு இருந்திருக்குமே. சத்தியமா எனக்குத் தெரியாதுடி. உள்ள ஏதாவது சொல்லிட்டாங்கன்னா அதுக்கு நான்தான் காரணம். முன்னாடியே உன்கிட்ட சொல்லிடணும்னு இருந்துச்சு."

பெஞ்சில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி குனிந்து அக்காவின் தோளைப் பிடித்தாள்.

"உங்களுக்குத் தெரியாது அண்ணி. எனக்குத் தெரியும். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி லேப்ல நானே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன்."

அக்காவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"தெரிஞ்சுமா கையைக் கொடுத்தே?" என்றாள் அக்கா.

"கொடுக்காம இழுத்தா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க. சந்தோஷப்படுவீங்க. எப்படியும் இது நிக்கப்போறதில்ல, எதுக்கு உங்களையும் அழ வெக்கணும்னு நெனச்சேன். ரெண்டு தடவையும் நீங்க அழுததை என்னால பாக்க முடியல. நான் அழறதுக்குக்கூட எடம் இல்லாமப் போச்சு. உங்களைத் தேத்தறதே என் வேலையாப் போச்சு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் என் கையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் ஏன்டி அடுத்த வாரம் இழுத்தே? உனக்குத்தான் இதுலெல்லாம் நம்பிக்கையே கிடையாதே."

கதவு திறந்தது, ஒருத்தி வெளியே வந்தாள், இன்னொருத்தி உள்ளே போனாள்.

"இப்பவும் நம்பிக்கை இல்ல அண்ணி. யோசிச்சு இழுக்கல. நீங்க கையைத் தொட்டதும் தானா இழுத்துக்கிச்சு. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, இது எனக்கு வேணும்னு."

ஒரே பாயில் அவள் பக்கத்தில் படுத்து எழுகிறவன் நான். அவள் நம்பிக்கையை விட்டதும் எனக்குத் தெரியாது, மறுபடி ஆசைப்பட ஆரம்பித்ததும் தெரியாது. அந்த நேரத்தில் எனக்கு என்மேல் வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். ஒருத்தர்தான் கூட வரலாம் என்றாள் நர்ஸ். அக்கா காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை, மூன்று பேரும் உள்ளே போனோம். டாக்டர் அம்மா எங்களை ஒருமுறை முறைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது. என் மனைவி திரையைப் பார்க்காமல் எதிர்ச் சுவரில் இருந்த சுவிட்சையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தினார். அறைக்குள் சத்தம் கேட்டது. வேகமாக, நிற்காமல், ஒரே சீராகக் கேட்டது. "இதயத் துடிப்பு நல்லா இருக்கு" என்றார். அக்கா அழுதாளா சிரித்தாளா என்று நான் கவனிக்கவில்லை. டாக்டர் சத்தத்தை நிறுத்திவிட்டு ஏதோ எழுதப் போனார்.

அப்போதுதான் என் மனைவி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"டாக்டர், இன்னொரு தடவை கேக்கலாமா?" என்றாள்.