காலரில் பல் தடம்

அந்தக் கட்டிடத்தில் எல்லோருக்கும் அவள் காலர் அக்கா. சட்டைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே காலர் தைத்துக் கொடுப்பவள். முழுச் சட்டை தைக்கத் தெரியாதா என்றால், தெரியும். வந்து சேருவதெல்லாம் காலர்தான். ‘கழுத்து மட்டும் உள்ள மனுஷங்களோட குடித்தனம்’ என்று தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வாள். கேட்டுச் சிரிக்கத்தான் ஆள் கிடையாது.

கணவன் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பாதிக்கு மேல் தண்ணீரில். மாடியில் ஒற்றை அறை, காலால் மிதிக்கும் தையல் மிஷின், ஒரு கைக்குழந்தை. காலர் கட்டோடு வரும் சூப்பர்வைசர் வாசலிலேயே நின்று, "வீட்ல யாரும் இல்லையாக்கா?" என்பார். "நான் மட்டும்தாங்க" என்று கட்டை வாங்கிக்கொள்வாள். சில நாட்களில் அவள் பேசும் பேச்சே அவ்வளவுதான்.

குழந்தைக்குக் கீழே இரண்டு பல் முளைத்தது. பார்க்க அரிசி மாதிரி இருக்கும். ஒரு மதியம் பால் குடித்துக்கொண்டே, ஈறு தினவில் நறுக்கென்று கடித்துவிட்டது. உயிரே போனது அவளுக்கு. "ஐயோ!" என்று அலறிவிட்டாள்.

அந்த வீட்டில் மிஷின் சத்தம் உண்டு, குழாய் சொட்டும் சத்தம் உண்டு. மனிதக் குரல் உரக்கக் கேட்டதே இல்லை. குழந்தை வெலவெலத்துப்போய் வீறிட்டு அழுதது. அதன்பிறகு மார்பருகே கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. பழம் மசித்துக் கொடுத்தால் வாங்கியது. பாலைப் பிழிந்து கிண்ணத்தில் கொடுத்தால் துப்பியது. மறுநாளும் அதே கதை. பால் கட்டி, மார்பு நெருப்பாய்க் கொதித்தது.

கணவனிடம் போனில் சொன்னாள்.

"பல்லு வந்துடுச்சில்ல, நிறுத்திடு. உனக்கும் தொல்லை விட்டுது."

"அதில்லீங்க..."

"அப்புறம் என்ன?"

நாள் முழுக்க என்னைத் தொடுகிற ஒரே ஆள் இது, இதுக்கும் நான் வேண்டாதவளாகிவிட்டேன் என்று போனில் எப்படிச் சொல்வது? அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று பொய் சொல்லி வைத்துவிட்டாள். பிறகு உட்கார்ந்து நன்றாக அழுதாள். என்னைக் கேட்டால், இரண்டு பல் வைத்திருந்த பொடிசைவிட, வாய் நிறையப் பல் வைத்திருந்தவன்தான் பலமாகக் கடித்திருக்கிறான்.

அன்று மதியம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, தீர்ந்துபோன பாபினுக்கு நூல் சுற்ற உட்கார்ந்தாள். சக்கரத்தின் திருகைத் தளர்த்தி மிதித்தால் ஊசி அசையாது, சக்கரம் மட்டும் ஓடும். வயிற்றில் இருந்தபோதே கேட்டுப் பழகிய சத்தம் அது. குழந்தைக்குக் கண் செருகியது. முகம் தானாக அவள் பக்கம் திரும்பி, வாய் எதையோ தேடியது.

பாபின் நிறைந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. நூலை அறுத்துவிட்டு, வெறும் சக்கரத்தை மிதித்துக்கொண்டே ரவிக்கைக் கொக்கியைக் கழற்றினாள்.

பிடித்துக்கொண்டது.

காலை நிறுத்தினால் எங்கே விட்டுவிடுமோ என்று, கெண்டைக்கால் இழுக்க இழுக்க மிதித்தாள். கொஞ்ச நேரத்தில் குட்டித் தாடை இறுகுவது தெரிந்தது. இப்போது கத்தினால் எல்லாம் போச்சு. கைக்கு எட்டிய காலர் ஒன்றை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள். கடி விழுந்தது. அவளும் கடித்தாள். கண்ணில் நீர் முட்டியது, சத்தம் மட்டும் வரவில்லை. குழந்தையின் முகத்தை மெதுவாக மார்போடு அணைத்ததும் பல் விலகியது. வாயில் காலரோடு இருந்த அம்மாவை அது அண்ணாந்து பார்த்தது. சிரித்தது. மறுபடி குடித்தது.

சாயங்காலம் வந்த சூப்பர்வைசர் கட்டைப் புரட்டி, ஒரு காலரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னக்கா இது, வீட்ல எலி இருக்கா?"

"இருக்குங்க" என்றாள் காலர் அக்கா. "ரெண்டு பேர் இருக்கோம்."