தொட்டிலுக்கு வந்த அத்தை

என் நாத்தனாரை நான் மன்னித்துவிட்டதாகச் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். மன்னிக்கவில்லை.

கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன் சேமித்த எங்கள் கரு ஆஸ்பத்திரியில் இருந்தது. என் கணவரின் சித்தப்பா மகள், முடிச்சூரில் இருப்பவள், அதைச் சுமந்து தருவதாகத் தானாகவே சொன்னாள். பிறக்கும் குழந்தை எங்களுடையது என்று மாஜிஸ்திரேட் முன்கூட்டியே உத்தரவு போட்டால்தான் ஆஸ்பத்திரி மேற்கொண்டு எதையும் தொடங்கும். எனக்கோ சட்டம் சொல்லும் ஐம்பது வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. டைரியில் எண்ணினேன். விசாரணை நாளிலிருந்து அறுபத்திரண்டு நாள்.

நாத்தனார் அப்போதே சிரித்தாள். "இந்த வயசுல பால் பாட்டிலா? பேசாம வீட்ட என் பையன் பேர்ல எழுதி வெச்சுட்டு காசிக்குப் போங்க." எங்கள் சிட்லபாக்கம் வீட்டின் மேல் அவளுக்கு எப்போதும் ஒரு கண்.

விசாரணை நாளன்று தாம்பரம் கோர்ட்டுக்கு முடிச்சூர்க்காரி தனியாக வந்தாள். சம்மதம் சொல்ல வேண்டிய அவள் கணவர் வரவில்லை. வாய்தா நான்கு வாரம். அது போக மிச்சம் முப்பத்து நான்கு நாள்.

சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"பெரியக்கா போன் பண்ணாங்கக்கா. கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா போலீஸ் என்னைத்தான் புடிக்கும்னாங்க. எனக்கும் ரெண்டு பசங்க இருக்காங்கல்ல?"

பெரியக்கா என்றது என் நாத்தனாரை. போனை வாங்கிப் பார்த்தேன். அன்று காலை எட்டு பதினேழு. பதினோரு நிமிடம் பேசியிருக்கிறாள். டைரியில் சிவப்பு மையில் குறித்துக்கொண்டேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

எங்கள் வக்கீல் விளக்கிய பிறகு முடிச்சூர்க்காரியின் கணவர் பயம் தெளிந்து அடுத்த வாய்தாவுக்கு வந்தார். உத்தரவு கிடைத்தது. தாய் தந்தை நாங்கள் இருவர். சுமப்பவளுக்குக் குழந்தைமேல் உரிமை இல்லை. அதைப் படித்துவிட்டு அவள் கேட்டாள்: "அப்போ நான் யாரு அண்ணி?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. பெயர் சூட்டு விழாவுக்கு முதல் பத்திரிகையை நாத்தனாருக்குத்தான் கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் குழந்தையைத் தொட்டிலில் போட்டுப் பெயர் சொல்வது அத்தை. பட்டுப் புடவையும் தங்கக் காப்புமாக வந்து தொட்டில் பக்கத்தில் நின்று கையை நீட்டினாள்.

"குடு, நேரமாகுது. அத்தைதானே போடணும்."

"அத்தைதான் போடப்போறா. நீங்க கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க அண்ணி."

முடிச்சூர்க்காரியை அழைத்தேன். அவளும் என் கணவருக்குத் தங்கைதானே.

நாத்தனார் குரலை உயர்த்தினாள். "கூடப்பொறந்தவ குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். பெத்தவளே அத்தையா வந்து நிப்பாளா? எங்கயாவது உண்டா?"

"அம்மா நான். கோர்ட் உத்தரவு பீரோவுல இருக்கு, எடுத்துட்டு வரவா? பக்கத்துலயே என் டைரியும் இருக்கு. விசாரணை அன்னைக்கு எட்டு பதினேழுக்கு முடிச்சூருக்கு நீங்க பண்ண போன் அதுல இருக்கு."

"எந்த போன்?" என்று என் கணவர் தன் அக்காவைப் பார்த்துக் கேட்டார். கூடமே அவளைப் பார்த்தது.

முடிச்சூர்க்காரி குழந்தையைத் தொட்டிலில் கிடத்தி, காதருகே குனிந்து மூன்று முறை பெயரைச் சொன்னாள்.

நாத்தனார் காப்பைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினாள். மணி பதினொன்று நாற்பத்திரண்டு. முதல் பந்தியில் அவளுக்குப் போட்டிருந்த இலையை எடுக்க வந்தார்கள். நான் தடுத்தேன். கடைசிப் பந்தி எழும்வரை அது அங்கேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி, காலியாகக் கிடந்தது.